கூரையில் இன்னும் பனி இருந்தது

முதலில் கதவுதான் காட்டிக்கொடுத்தது.

தங்கச்சி ஸ்டெல்லாவின் அறைக் கதவு அது. முதல் நாள் வரை ஒரு விரலால் தள்ளினாலே மூடிக்கொள்ளும். அன்று காலை அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வெளியே வந்து இழுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. மேல் மூலை நிலையில் போய் இடித்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை.

ஸ்டெல்லாவின் கணவர் நிமல் பல் துலக்கிக்கொண்டே வந்தார். கதவைப் பார்த்தார். பிறகு மேலே சீலிங்கைப் பார்த்தார். வாயில் நுரையோடு அப்படியே நின்றார்.

"என்ன அங்க?" என்று கட்டிலிலிருந்து ஸ்டெல்லா கேட்டாள்.

"ஒண்டுமில்ல. கதவு கொஞ்சம் பெருத்துப்போச்சு," என்றார்.

மழைக் காலத்தில் கொழும்பில் கதவு பெருக்கும். வெள்ளவத்தையில் நான் இருக்கும் பிளாட்டில் இப்போதும் குளியலறைக் கதவை உதைத்துத்தான் திறக்கிறேன். ஆனால் அந்த ஊரில், அந்தக் குளிரில், ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் பலகை வற்றித்தான் போகும், பெருக்காது. அது எனக்கும் தெரியும், ஸ்டெல்லாவுக்கும் தெரியும்.

"கூரையா?" என்றாள்.

நிமல் வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டார்.

கனடாவில், டொரொண்டோவிலிருந்து சில மணி நேரம் தள்ளி இருந்த ஒரு சின்ன ஊர் அது. ஸ்டெல்லாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். கேத்தலுக்கு மேல் பாரமான எதையும் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளைப் பார்த்துக்கொள்ள மூன்று மாத விசாவில் நான் போயிருந்தேன். தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனேன்.

மூன்று நாளாக விடாமல் பனி கொட்டியிருந்தது. நாலாம் நாள் அதன் மேல் அரை நாள் மழை பெய்தது. மழை பெய்தால் பனி கரைந்துவிடும் என்று நான் சந்தோஷப்பட்டேன். கரையவில்லை. கூரையில் கிடந்த பனி அந்தத் தண்ணீரை எல்லாம் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது, அந்தப் பாரம்தான் கதவு நிலையை அமுக்கியிருந்தது.

பஞ்சு என்று நினைத்தேன்

எங்களுக்குப் பனி என்றால் அம்மாவின் அதட்டல்தான். மார்கழியில் நத்தார்ப் பூசைக்குப் போகும்போது, "பனியில நிக்காத, தலைய மூடு" என்பார். கொட்டாஞ்சேனையில் என்ன பனி? கோயில் முற்றத்துச் சீமெந்தில் காலை வைத்தால் கொஞ்சம் சில்லென்று இருக்கும். அவ்வளவுதான். ஆனாலும் லேஸ் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பெரிய குளிரில் நிற்பவர்கள் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

இன்னொரு பனி பாலன் குடிலில் இருந்தது. மருந்துக்கடைப் பஞ்சு. நீல நிறத் தாளில் சுருட்டியிருக்கும் அந்தப் பஞ்சைப் பிரித்து, மெல்லிசாகப் பிய்த்து, குடிலின் வைக்கோல் கூரை மேல் போடுவது என் வேலை. ஸ்டெல்லாவுக்குப் பொறுமை கிடையாது, கட்டியாகப் போடுவாள். "இது பனி இல்லடி, தலாணி," என்று அப்பா சிரிப்பார். வீட்டில் மருந்தும் பஞ்சும் சாம்பிராணியும் கலந்து ஒரு வாசம் இருக்கும். இன்று எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், ஒரு நிமிஷம் எனக்கு நத்தார் வந்துவிடுகிறது.

அதனால் பனிக்குப் பாரம் உண்டு என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அங்கே போன முதல் கிழமை, வாசலில் கிடந்ததை ஒரு சவலால் அள்ளப் பார்த்தேன். சவல் எழும்பவில்லை. இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்குள் இருந்து ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்கக்கா, தையல் பிஞ்சிரும்!"

ஏணி பிடித்தவள்

எங்கள் கொட்டாஞ்சேனை வீடு ஒரு தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டிய பதினொரு வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே நீளக் கூரை, அஸ்பெஸ்டஸ் தகடு. மூன்றாம் வீடு எங்களுடையது, நாலாம் வீடு நிமலுடைய வீட்டாருடையது. அவர்கள் சிங்களக் கத்தோலிக்கர். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் எங்கள் பக்கம் இலை அடைத்தால் அவர்கள் வீட்டுக் குசினி அடுப்பில் தண்ணீர் ஒழுகும். அவர்கள் பக்கம் அடைத்தால் எங்கள் கட்டில் நனையும். அதனால் இரண்டு வீட்டாருக்கும் ஒருநாளும் பெரிய சண்டை வந்ததில்லை.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். மழைக்கு முன்னால் ஒருநாள் மேலே ஏறுவார். தகட்டில் ஆணி வரிசையாக அடித்திருக்கும். ஆணி இருக்கும் இடத்தில் கீழே மரம் இருக்கும். அந்த வரிசையில் மட்டும்தான் காலை வைக்க வேண்டும். ஒரு சாண் தள்ளி மிதித்தால் ஆள் நேரே எங்கள் சோற்றுப் பானைக்குள் இறங்கிவிடுவார்.

ஏணி பிடிப்பது நான். அந்த வேலைக்கு நான் பொருத்தம் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஏனென்றால் நான் வாய் திறக்க மாட்டேன். ஸ்டெல்லா பிடித்தால் கதை கேட்டே ஆளை விழுத்திவிடுவாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவின் குதிக்காலைப் பார்த்தபடி நிற்பேன்.

பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடும்போது என் குரல் கேட்காமல் எத்தனையோ நாள் எனக்கு வரவில்லை என்று போட்டிருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. பிறகு தையல். தையலில் பேச வேண்டியதில்லை, ஊசியை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினால் போதும்.

நிமல் ஸ்டெல்லாவைக் கட்டி எத்தனையோ வருஷமாகியும் நான் அவரோடு நேருக்கு நேர் கதைத்ததில்லை. அவர் "அக்கே" என்று கூப்பிடுவார். நான் ஸ்டெல்லாவிடம் பதில் சொல்வேன். அவள் அவரிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே மேசையில் இருக்கும்போதும் அப்படித்தான்.

இரண்டு நாளில் வருகிறோம்

நிமல் போன் எடுத்தார். கூரையில் பனி அள்ளுகிறவர்கள் இரண்டு நாளில் வருவதாகச் சொன்னார்கள். ஊர் முழுக்க அதே நிலைமை. அவசர இலக்கத்துக்கும் எடுத்தார். வெடிப்பு ஏதும் தெரிந்தால், கூரை சத்தம் போட்டால், எல்லோரும் வெளியே வந்துவிட்டுத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள்.

வெளியே வருவதுதான் எப்படி என்று தெரியவில்லை. முற்றத்தில் இடுப்பளவு பனி. எங்கள் தெருவுக்கு இன்னும் பனி தள்ளும் வண்டி வரவில்லை. பக்கத்து வீட்டார் குளிருக்குத் தப்பி வெயில் ஊருக்குப் போயிருந்தார்கள். ஸ்டெல்லா குளியலறைக்குப் போவதற்கே சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குக் கோட்டும் சப்பாத்தும் போட்டு, குசினியில் வெளிக் கதவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தினோம். கதவுக்கு வெளியே நானும் நிமலும் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி வெட்டினோம். வழி தெரு வரை போகவில்லை, பத்துப் பன்னிரண்டு அடிதான். ஓட வேண்டி வந்தால் கூரைக்கு வெளியேயாவது நிற்கலாம். இன்று யாராவது என்னிடம் கேட்டால், கதவு இறுகினால் வீட்டைப் பார்க்காதே, ஆளை வெளியே எடு என்றுதான் முதலில் சொல்வேன்.

கராஜிலிருந்து நிமல் ஒரு சாமானை எடுத்து வந்தார். ரூஃப் ரேக் என்றார். நீட்டு அலுமினியத் தடியின் நுனியில் குறுக்காக ஒரு அகலத் தகடு. நிலத்தில் நின்றபடியே கூரையில் கிடக்கும் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விழுத்துவதற்கு. ஆனால் தடி குட்டையாக இருந்தது. கூரையின் விளிம்பு வரைதான் எட்டியது.

தடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. படம் போட்டு, கீழே இங்கிலிஷில் எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு படத்தில் ஆள் நிலத்தில் நிற்கிறான், சரி என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் ஏணியில் நிற்கிறான், அவன் மேல் பெருக்கல் குறி போலச் சிவப்புப் புள்ளடி. கரண்ட் வயர் பக்கம் போகாதே என்று ஒரு படம். பனி விழும் இடத்துக்குக் கீழே நிற்காதே என்று ஒரு படம். கடைசிப் படத்தில் ஒரு வீடு, அதன் கூரையில் ஒரு பக்கம் மட்டும் பனி. அந்த வீடு சரிந்துகொண்டிருந்தது.

நிமல் ஏணியை எடுத்து வந்தார்.

நான் ஸ்டிக்கரைக் காட்டினேன். வாய் திறக்கவில்லை, விரலால் சிவப்புப் புள்ளடியைத் தொட்டுக் காட்டினேன்.

"ஐயோ அக்கே, கொட்டாஞ்சேனையில நான் ஏறாத கூரையா?" என்றார். "நீங்க ஏணியப் பிடிங்க."

குசினி ஜன்னலைத் திறந்துகொண்டு ஸ்டெல்லா கத்தினாள். "நிமல்! விழுந்தா உங்களத் தூக்க இங்க ஆள் இல்ல, சொல்லிட்டேன்!"

"விழுந்தா ஸ்நோலதானே விழுவேன். மெத்த மாதிரி!"

நான் ஏணியைப் பிடித்தேன். பழகிய வேலைதானே.

ஒரு சொல்

முன்பக்கக் கூரையில் அரைவாசிக்கு மேல் அவர் இழுத்துவிட்டார். என் தலையில், கழுத்தில், கோட்டுக்குள் எல்லாம் பனி. ஏணி பிடிப்பவள் சரியாகப் பனி விழும் இடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. ஸ்டிக்கரில் அதற்கும் ஒரு படம் இருந்தது.

"அக்கே, நீங்க தள்ளி நில்லுங்க. ஏணி நல்லா இறுகியிருக்கு," என்றார்.

தள்ளிப் போய் நின்ற பிறகுதான் எனக்கு முழுக் கூரையும் தெரிந்தது. முகட்டுக்குக் கீழே பெரிய பாளம் ஒன்று அப்படியே கிடந்தது. கீழே இருந்ததை அவர் இழுத்துவிட்டதால் அதைத் தாங்க ஒன்றும் இல்லை. அதன் மேல் ஓரத்தில், துணியில் கத்தரி வைத்தது போல, ஒரு கோடு விழுந்திருந்தது.

ஏணியில் நின்றவருக்கு அது தெரியவில்லை. அவர் தடியைக் கூரை விளிம்பில் சாய்த்துவிட்டு ஒரு காலைத் தூக்கினார். ஏறப்போகிறார். ஆணி வரிசை இல்லாத கூரையில், கீழே மரம் எங்கே என்று தெரியாத கூரையில்.

நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை.

"நிமல்! பனி இன்னும் மேல இருக்கு!"

அவர் காதை மூடித் தொப்பி போட்டிருந்தார். காற்றும் அடித்தது. நான் சொன்னதில் முதல் இரண்டு சொல்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பனி இன்னும். ஒரு கொட்டாஞ்சேனைச் சிங்களவரின் காதில், அதுவும் ஒருநாளும் கத்தாத ஆள் கத்தும்போது, அது "பனின்ன" என்றுதான் விழும். சிங்களத்தில் பனின்ன என்றால் குதி.

அவர் குதித்தார்.

கேள்வி கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. ஏணியிலிருந்து பக்கவாட்டில், நாங்கள் குவித்து வைத்திருந்த பனிக்குள் நெஞ்சளவுக்குப் போய் இறங்கினார்.

நான் ஓடினேன். அவர் முகம் வெள்ளையாக இருந்தது. "மொகத வுணே?" என்றார். என்ன நடந்தது என்று கேட்கிறார்.

நான் கூரையைப் பார்த்தேன். பாளம் அங்கேயே இருந்தது. ஏணியும் அசையாமல் நின்றது.

"ஒண்டும் நடக்கல்ல," என்றேன்.

"அப்ப ஏன் குதிக்கச் சொன்னீங்க?"

"நான் குதிக்கச் சொல்லல்ல. பனி இன்னும் இருக்கு எண்டு சொன்னேன்."

அவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே எழும்பப் பார்த்து, "அம்மே!" என்று திரும்ப உட்கார்ந்தார். கணுக்கால் மடங்கியிருந்தது.

உள்பாவாடை காய்ந்த தடி

அவரைக் குசினிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஸ்டெல்லா அழுதாள், ஏசினாள், பிறகு காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் வயிறு வலித்துத் திரும்ப அழுதாள்.

அப்போதுதான் மேலே ஒரு சத்தம் கேட்டது. பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுத்தது போல. நிமல் திரும்ப அவசர இலக்கத்துக்கு எடுத்தார், தெருவில் பனி தள்ளாமல் வண்டி வராது என்றார்கள்.

முன்பக்கம் அரைவாசிக்கு மேல் குறைந்துவிட்டது, பின்பக்கம் முழுப் பாரம். ஸ்டிக்கரின் கடைசிப் படம் எனக்கு நினைவுக்கு வந்தது. தொடாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு மோசமில்லை. பாதியில் விட்ட கூரைதான் சரியும்.

"தடி எட்டாது," என்றார் நிமல். "இன்னும் ரெண்டு துண்டு இருந்தது. பூட்டி நீட்டுறது. எங்க போச்சோ தெரியல்ல."

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்பிடி இருக்கும் அந்தத் துண்டு?" என்று மெதுவாகக் கேட்டாள். "சில்வர் கலரா? நுனியில பட்டன் மாதிரி ஒண்டா?"

"ஓம்."

"உடுப்புக் காயப் போடக் கொடியா கட்டியிருக்கேன்."

கீழே, வொஷிங் மெஷின் இருக்கும் அறையில், இரண்டு ஆணிகளுக்கு நடுவே அந்தத் தடிகளைக் கட்டியிருந்தாள். அங்கே உடுப்புக் காயவைக்க மெஷின் இருக்கிறது. ஆனால் கொழும்பில் பிறந்தவளுக்குக் கொடி இல்லாத வீடு வீடு இல்லை. வந்த நாளிலிருந்து நான்தான் என் உள்பாவாடைகளை அதில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு வருஷமா நான் அதத் தேடுறேன்!" என்றார் நிமல்.

"கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன்! ரூஃப் ரேக் துண்டு எங்க எண்டு கேட்டேன்!"

"ரூஃப் ரேக் துண்டு எண்டா எனக்கு எப்பிடித் தெரியும்? கொடித்தடி எங்க எண்டு கேட்டிருக்கோணும்!"

நான் போய் உள்பாவாடைகளை எடுத்து மடித்துவைத்துவிட்டுத் தடிகளை அவிழ்த்தேன்.

ஒரு வரி இங்கே, ஒரு வரி அங்கே

வீட்டைச் சுற்றி ஒற்றை வழி வெட்டி, பக்கவாட்டில் முன்னும் பின்னும் தெரியும் இடத்தில், கூரைக்கு நன்றாகத் தள்ளி, குசினிக் கதிரை ஒன்றைப் பனியில் நட்டு, நிமலைக் கம்பளி சுற்றி இருத்தினேன். எனக்குத் தெரியாத பக்கத்தை அவர் பார்ப்பார். குளிரில் நிற்க முடியாத ஸ்டெல்லா உள்ளே வெளிக் கதவடியில், மடியில் ஒரு சட்டியும் அகப்பையும் வைத்துக்கொண்டிருந்தாள். கூரையில் சத்தம் கேட்டால் சட்டியில் அடிக்க வேண்டும், நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடி அவளை வெளியே எடுக்க வேண்டும்.

"அக்கே, இழுக்க முந்தி கத்துங்க," என்றார் நிமல். "பனி எண்டு மட்டும் கத்த வேணாம். இன்னொரு கால்தான் மிச்சம் இருக்கு."

"வருது" என்று கத்துவதென்று முடிவாயிற்று.

நீட்டிய தடி கையில் ஆடியது. கரண்ட் வயர் வரும் மூலையை நிமல் காட்டினார். அந்தப் பக்கம் ஒரு தடி நீளத்துக்கு நான் போகவே இல்லை. அலுமினியம் வயரில் பட்டால் பிறகு கூரையைப் பற்றிக் கவலைப்பட நான் இருக்க மாட்டேன்.

முதலில் பெரிதாக இழுத்தேன். பனி வரவில்லை, நான்தான் கூரையை நோக்கிப் போனேன். பிறகு தையற்காரியாக யோசித்தேன். முழுத் துணியையும் யாரும் ஒரே தடவையில் வெட்டுவதில்லை. விளிம்பிலிருந்து தொடங்கி, தகட்டின் அகலத்துக்கு ஒரு வரி. ஒரு தடவைக்கு ஒரு சாண் ஆழம் மட்டும். அடியில் நாலு விரல் அளவுக்குப் பனியை விட்டுவிட வேண்டும், சுரண்டினால் கூரை ஓடு பிய்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் இரண்டடி பின்னால் வந்து நின்று இழுத்தேன்.

"வருது!"

"கேக்கல்ல!" என்றார் நிமல்.

"வருது!"

"இன்னும்!"

"வருது!" என்று கத்தியபோது தொண்டையில் ஏதோ கிழிந்தது போல இருந்தது. தொப்பென்று விழுந்தது பனி. கால் வரை அதிர்ந்தது. எங்கள் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை வரும் அரிசி லொறியில் மூட்டை இறக்கும்போது அப்படித்தான் சத்தம் கேட்கும்.

பின்பக்கம் முன்பக்கத்தோடு சமனாகும் வரை இழுத்தேன். பிறகு முன்னுக்கு ஒரு வரி, பின்னுக்கு ஒரு வரி. நடுவில் ஹீட்டரின் புகைக் குழாய் சுவரிலிருந்து வெளியே வரும் இடத்தைப் பனி மூடிவிட்டதை நிமல் கண்டார். அது மூடினால் நச்சுக் காற்று வீட்டுக்குள் திரும்பும். தடியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டி அதைத் திறந்தேன்.

கோடு விழுந்த அந்தப் பாளத்தைக் கடைசியில்தான் தொட்டேன். தகட்டை மெல்ல வைத்தேன், அவ்வளவுதான். முழுவதும் ஒன்றாக இறங்கியது. நாங்கள் எடுக்க மறந்திருந்த ஏணியை அடித்துச் சாய்த்து, மூடி, அதன் மேல் குவிந்தது. எங்கே ஏணி என்றே தெரியவில்லை.

நிமலைப் பார்த்தேன். அவர் கழுத்தில் கிடந்த சிலுவையை வெளியே எடுத்து முத்தமிட்டு, திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார்.

நான் அவரைக் காப்பாற்றினேன் என்று நிமல் இன்றும் சொல்கிறார். நான் அவர் காலை உடைத்தேன் என்று ஸ்டெல்லா இன்றும் சொல்கிறாள். எனக்குத் தெரியாது.

எல்லாம் முடியப் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. உள்ளே வந்து கையுறையைக் கழற்றினால் விரல்கள் தடியைப் பிடித்தபடியே வளைந்து நின்றன. விரிக்கவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. ஸ்டெல்லா நேற்றைய சோற்றையும் பருப்பையும் சூடாக்கி வைத்திருந்தாள். அவள் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. தட்டை என் முன்னால் வைத்தாள். நான் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு பருக்கையும் எழும்பவில்லை.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சோற்றைப் பிசைந்து, கட்டசம்பல் கொஞ்சம் வைத்து உருட்டினாள்.

"வாயத் திறங்க."

"வேணாம். கொஞ்சம் சூடு பிடிச்சா சரியாகிரும்."

"திறங்கக்கா."

திறந்தேன். அவளைப் பார்த்துக்கொள்ள என்று கடல் கடந்து வந்தவள் நான். கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சம்பல் உறைப்பைக் காரணம் சொன்னேன்.

மேலே கூரை ஒரு தடவை முறிகிற மாதிரிச் சத்தம் போட்டது. உருண்டை அந்தரத்தில் நின்றது. மூன்று பேரும் மேலே பார்த்தோம். பாரம் இறங்கியதும் மரம் நிமிர்கிற சத்தம் அது என்று நிமல் சொன்னார். சொன்ன பிறகும் அவரும் கொஞ்ச நேரம் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அவர் கதிரையை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கிட்ட வந்தார்.

"எனக்கும்?" என்றார்.

"உங்கட கைக்கு என்ன? கால்தானே போச்சு," என்றாள் ஸ்டெல்லா.

"அக்கே, சொல்லுங்களேன் இவக்கு."

மேசையில் முதல் தடவையாக நான் ஸ்டெல்லாவைப் பார்க்காமல், நேரே அவரைப் பார்த்து, "வாயத் திறங்க, தருவா," என்றேன்.

அவர் திறந்தார். அடுத்த உருண்டை அவருக்குப் போனது.